பீரங்கிக்குப் பின்னால்

கர்த்தர் மனுஷருக்குக் கூச்சத்தைப் பங்கு வைத்த அன்றைக்கு எங்கள் சரித்திர டீச்சர் லீவில் இருந்திருக்க வேண்டும். இது நான் சொன்னதில்லை, எங்கள் தலைமையாசிரியர் சொன்னது. சொல்லிவிட்டு, டீச்சர் காதில் விழுந்திருக்குமோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டார்.

அந்த டீச்சர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் கோபித்திருக்க மாட்டார். அவரைச் சேர்ந்தவர்கள் கோபிப்பார்கள். எழுதுவதற்கு வேறு விஷயமா கிடைக்கவில்லை என்று கேட்பார்கள். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமத்தில் எங்கள் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பு வரைக்கும் உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே தையல் டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். அக்கா அதற்கு முன்பிருந்தே சரித்திரமும் பூகோளமும் நடத்திக்கொண்டிருந்தார். தெற்கே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உடம்புக்குள் போவது, உடம்பைவிட்டு வருவது எல்லாவற்றையும் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே பேசி வளர்ந்த வீடு. அதனால் அக்காவுக்கு எந்தச் சொல்லும் கெட்ட சொல் இல்லை. நாங்கள் எல்லாம் ‘வெளிக்கு’ என்போம், ‘ஒதுங்க’ என்போம், அதையும் தலையைக் குனிந்துகொண்டு சொல்வோம். அவர் ‘கக்கூஸ்’ என்பார். கொத்தமல்லி என்று சொல்வதுபோலச் சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் இருந்தது. வெண்கல மணி இருந்தது, கொடிக்கம்பம் இருந்தது, கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்த உலக உருண்டை இருந்தது. கக்கூஸ் இல்லை. பையன்களுக்கு அது ஒரு குறையே இல்லை, சுவரைப் பார்த்து நின்றால் முடிந்தது. வாத்தியார்களுக்குக் கிழக்கு வேலி. பெண்பிள்ளைகளும் டீச்சர்களும் போக வேண்டுமென்றால் ரோட்டைக் கடந்து, டீக்கடையைக் கடந்து, பின்னால் முள்மரம் அடர்ந்த உடங்காட்டுக்குப் போக வேண்டும். டீக்கடையில் எந்நேரமும் பத்திரிகை படிக்கிறவர்கள் இருப்பார்கள். பெண்பிள்ளை ஒருத்தி ரோட்டைத் தாண்டினால் பத்திரிகை இறங்கும்.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் பையன்களுக்கு ஒரு பானை, பெண்பிள்ளைகளுக்கு ஒரு பானை. பையன்கள் பானை தினமும் இரண்டு தடவை காலியாகும். பெண்பிள்ளைகள் பானையில் ஆயா திங்கட்கிழமை ஊற்றிய தண்ணீர் வெள்ளிக்கிழமையும் தளும்பிக்கொண்டிருக்கும். இதை நாங்கள் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை வருவார்கள். ஆறாவதில் பாதியாவார்கள். வயசுக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவார்கள். எட்டாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் பக்கம் காலியாகக் கிடக்கும் பெஞ்சில் பையன்கள் கால் நீட்டிப் படுக்கலாம். ஒரு தடவை விருதுநகரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் இதைக் கவனித்து, காரணம் என்ன என்று கேட்டார். தலைமையாசிரியர் எழுந்து, “பெற்றோர்களின் அறியாமை சார்” என்றார்.

“அறியாமை இல்ல சார். மூத்திரம்” என்றார் அக்கா.

இன்ஸ்பெக்டர் கையில் வடை இருந்தது. அது வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. போகும்போது பார்வைப் புத்தகத்தில், ‘சில வசதிக் குறைவுகள் உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, “ஏட்டி, சில வசதியாம். ஒரு வசதிதான் நான் கேட்டேன்” என்றார்.

அவர் சரித்திரம் நடத்துகிற விதமும் இப்படித்தான். எந்த ராஜா வந்தாலும் அவருக்கு இரண்டே கேள்வி. தண்ணீர் எங்கிருந்து வந்தது, கக்கூஸ் எங்கே இருந்தது. பதில் தெரியாவிட்டால், “இந்த ராஜா என்ன ஆண்டான்” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். சாலையோரம் மரம் நட்ட ராஜாவைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி வந்தது. ஏழாம் வகுப்பு பொன்னுத்தாய் என்கிற பிள்ளை, ‘பெண்கள் மறைவாக ஒதுங்குவதற்கு வசதியாக மன்னர் சாலையின் இருபுறமும் மரங்களை நட்டார்’ என்று எழுதியிருந்தாள். தலைமையாசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். அக்கா அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே முழு மார்க்கும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆராதனையில் ஜெபக் குறிப்பு கேட்பார்கள் அல்லவா. ஒருத்தர் மகனுக்கு வேலை என்பார், ஒருத்தர் மருமகளுக்குப் பிரசவம் என்பார். அக்கா எழுந்து நின்று, “எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு கக்கூஸ் வேணும். எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க” என்றாராம். போதகர் கண்ணை மூடி, ‘எங்கள் சகோதரியின் அந்தரங்கத் தேவையைச் சந்தித்தருளும்’ என்று ஜெபித்திருக்கிறார். ஆமென் சொல்லி முடிந்ததும் அக்கா நேராகப் போய், “ஐயா, அந்தரங்கம்னு சொன்னா ஆண்டவர் எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறாரு. வெளங்குத மாதிரி சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்களிடம், வாய் சும்மா இருக்கிற பெண்தான் வேண்டும் என்கிறார்கள், என்னுடையது இருக்காது என்பார்.

பொன்னுத்தாயை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கணக்கில் கெட்டிக்காரி. அவள் அம்மா பகலெல்லாம் பருத்திக் காட்டில் கூலி வேலை, வந்த பிறகு தீப்பெட்டிக் கூடு மடக்குகிற வேலை. ஒரு சாயங்காலம் அக்காவும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று அந்த அம்மா சொன்னபோதே விஷயம் எங்களுக்குப் புரிந்தது.

“படிக்க வைக்கக் கூடாதுன்னு இல்ல டீச்சர். மாசத்துல மூணு நாளு அவ என்ன செய்வா? ரோட்டத் தாண்டி அந்த எடுபட்ட கடைக்கு முன்னால துணியப் பிடிச்சுக்கிட்டு ஓடச் சொல்லுதீகளா?”

அக்கா வாசலில் கிடந்த லேபிள் கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு, “வர்ற வருசம் பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள உள்ளயே கட்டிருவோம். அதுவரைக்கும் நிறுத்தாதீங்க” என்றார்.

“கட்டுங்க. கட்டுனா அனுப்புதேன். கட்டலேன்னா இவ ஒட்டுத வேலைக்குத்தான்” என்றாள் அந்த அம்மா. சொல்லிவிட்டு எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். நாங்கள் வீட்டுக்குப் போகிற வழி என்பதால் குடித்தோம்.

எங்கள் பள்ளிக்கூடத்து மானேஜருக்குப் பருத்திக் காடும் உண்டு, ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் பங்கும் உண்டு. பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் அவருடைய அப்பா. அப்பா நினைவாக ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று மானேஜருக்கு ஆசை. செங்கல் லோடு லோடாக வந்து இறங்கியது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விசாரித்தால், பள்ளிக்கூடத்துக்குக் கோட்டை வாசல் கட்டப்போகிறாராம்.

அவர் கம்பெனித் தீப்பெட்டி லேபிளில் ஒரு கோட்டைப் படம் இருக்கும். பிரஸ்ஸில் படம் போடுகிறவர் பிறந்ததிலிருந்து கோட்டையைப் பார்த்ததே இல்லை. கோயில் கோபுரம், பிறந்தநாள் கேக், ரயில்வே ஸ்டேஷன் மூன்றையும் கலந்து ஒரு மாதிரி வரைந்திருப்பார். மானேஜர் அதைப் பார்த்துப் பார்த்து மயங்கிப்போயிருந்தார். அக்கா நேரே அவர் வீட்டுக்குப் போய், “மொதலாளி, வாசல் இல்லாம பிள்ளைக உள்ள வந்துரும். கக்கூஸ் இல்லாம எட்டாங்கிளாசுக்கு வராது” என்று சொன்னார். மானேஜர், “எங்க அப்பாரு பேரை அதுலயா எழுதச் சொல்லுதீக?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, நிஜக் கோட்டையைப் பார்த்து அளவு எடுத்து வரலாம் என்று கம்பெனி வேனில் கிளம்பினோம். மானேஜர், அவர் வீட்டம்மா, தலைமையாசிரியர், அக்கா, நான், நூலும் மட்டப்பலகையுமாக ஒரு கொத்தனார். வடக்கே ஒரு மலைக்கோட்டை. ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே நாங்கள் செய்த காரியத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வரலாம்.

அடிவாரத்தில் ஆண்கள் ஆளுக்கு இரண்டு கோலி சோடா குடித்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் நீட்டினார்கள். தாகமில்லை என்றோம். மானேஜர் வீட்டம்மா முந்தின நாள் ராத்திரியோடு தண்ணீரை நிறுத்தியிருந்தார். பயணம் போகிற பெண்கள் எல்லோரும் செய்வதுதான். அந்த அம்மா புருஷனோடு பேசுவதே கதவுக்குப் பின்னால் நின்றுதான். வேனுக்குள் கதவு இல்லாததால் வழியெல்லாம் பேசவே இல்லை.

படி ஏறி முடிக்கிற இடத்தில் பெரிய வாசல். மானேஜர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. “நம்ம லேபிள்ல இருக்கது இதைவிட நல்லாருக்கே” என்றார். கொத்தனார் நூலைப் பிடித்து அளந்தார். தலைமையாசிரியர் ஒரு நிமிஷம் என்று சொல்லி, மதில்மேல் கிடந்த பீரங்கிக்குப் பின்னால் போய் வந்தார். பிறகு கொத்தனார் போனார். கடைசியில் மானேஜரும் போய் வந்தார். நூற்றாண்டுகளாக எதிரியை மிரட்டிய பீரங்கி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மறைப்பாக நின்றது.

கோட்டைக்கு ஒரு காவலாளி இருந்தார். கதை சொல்வதும் அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தார். நாயக்கர் கட்டினது, மைசூர்க்காரர் பிடிச்சது, கும்பினிப் பட்டாளம் வந்து சூழ்ந்தது, இது நெல்லுக் கிடங்கு, இது வெடிமருந்துக் கிடங்கு, இது சுனை, கோடையிலும் வற்றாது. மாசக்கணக்கில் முற்றுகை போட்டும் எதிரியால் உள்ளே வர முடியவில்லை என்றபோது மானேஜர் தானே உள்ளே நின்று காத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

“உள்ள எம்புட்டுப் பேரு இருந்தாக?” என்றார் அக்கா. நான் மெதுவாக ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியுமே.

“ஒரு பட்டாளமே இருந்துச்சும்மா.”

“பொம்பளைக?”

“இருந்தாங்க. குடும்பம் குடும்பமா இருந்தாங்க.”

“அவுகளுக்குக் கக்கூஸ் எங்கன?”

தலைமையாசிரியர் இருமினார். மானேஜர் மலைக்குக் கீழே தெரிந்த வாழைத் தோப்பைக் கவனமாகப் பார்த்தார். காவலாளியின் கண் முழுசாகத் திறந்துவிட்டது. ஒப்பித்த பாடத்தில் அது இல்லை. தலையைச் சொறிந்தார். “ஆம்பளைங்களுக்கு மதில் ஓரந்தாம்மா. பொம்பளைங்களுக்கு வடக்கால ஒரு சின்ன வாசல் இருக்கு. வாங்க” என்று கூட்டிப்போனார்.

ஒரு ஆள் குனிந்து போகிற அளவு வாசல். அதற்கு அந்தப் பக்கம் பாறையும் புதரும். விடியுமுன் பெண்கள் அது வழியாக இறங்கிப் போவார்களாம். ஒரு சிப்பாய் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பானாம்.

“அப்போ கோட்டை எப்படிய்யா போச்சு?” என்றார் மானேஜர். அவருக்கு அதுதான் கவலை.

“காட்டிக்கொடுத்துட்டாங்கன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குங்க. எங்கப்பாரு வேற மாதிரி சொல்வாரு. பெரிய வாசலை எவனும் தொடலைங்க. பாத்தீங்கள்ல, இன்னைக்கும் கல்லு மாதிரி நிக்குது. இந்தச் சின்ன வாசல் தெனமும் தொறக்குறதைக் கீழேயிருந்து ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்திருக்கான்.”

மானேஜர் அந்தச் சின்ன வாசலைக் குனிந்து பார்த்தார். அது நிஜக் கதையா என்று ஊர் திரும்பிய பிறகு அக்காவிடம் கேட்டேன். “காவக்காரருக்கு ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு குடுத்தேன். கதைக்கு முன்னாலயா பின்னாலயான்னு கேக்காத” என்றார். அவர் கடைசி வரை சொல்லவே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரும் சேவு கொடுக்கவில்லை. உச்சி வெயில். திரும்பி நடக்கும்போது மானேஜர் வீட்டம்மா சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கண் செருகியது. மானேஜர் பதறிப்போனார். கொத்தனார் ஓடிப்போய்ச் சுனையிலிருந்து செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மானேஜர் கையில் கொடுத்தார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“குடி.”

தலையை ஆட்டினார்.

“குடின்னா குடிக்க வேண்டியதுதான. செத்துக்கித்துப் போகப்போற.”

“குடிச்சா எங்கன போவேன்?” என்றார் அந்த அம்மா. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மலைமேல் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை, எல்லோருக்கும் கேட்டது. “நீங்க மூணு பேரும் பீரங்கிக்குப் பின்னால போனீக. நான் எங்கன போக? காலையில இருந்து அடக்கிக்கிட்டு வாரேன். இதுல தண்ணி வேற குடிக்கச் சொல்லுதீக.”

மானேஜர் செம்பைப் பிடித்தபடியே பீரங்கிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. நானும்தான் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அக்கா செம்பை வாங்கி அந்த அம்மா வாயில் வைத்தார். “நீங்க குடிங்க. எடத்துக்கு நான் பொறுப்பு” என்றார். பிறகு மானேஜரைப் பார்த்து, “இவுக இன்னைக்கு ஒரு நாளு இப்படி உக்காந்திருக்காக மொதலாளி. நம்ம பிள்ளைக தெனமும் இப்படித்தான் உக்காந்து பாடம் கேக்கு” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் மானேஜர் சண்டை போட்டிருப்பார்.

செம்பு காலியானதும் அக்கா காவலாளியிடம் வெடிமருந்துக் கிடங்கைத் திறக்கச் சொன்னார்.

“அது சர்க்கார் எடம்மா. சரித்திரச் சின்னம்.”

“சர்க்கார் வீட்டுல பொம்பளைக இல்லையா? தெறங்க.”

திறந்தார். எதிரிக்காகச் சேர்த்துவைத்த மருந்தெல்லாம் எப்போதோ தீர்ந்து, மூலையில் கூரை இடிந்து, புல் முளைத்துக் கிடந்தது. ஒருவர் பின் ஒருவராக நாங்கள் மூன்று பேரும் போய் வந்தோம். வாசலில் மானேஜரும் தலைமையாசிரியரும் முதுகைக் காட்டிக்கொண்டு விறைப்பாகக் காவல் நின்றார்கள். காவலாளி சொன்ன சிப்பாயை நான் அப்போதுதான் நேரில் பார்த்தேன். அந்த அம்மா கிடங்கைவிட்டு வெளியே வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. இன்னொரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வேன் பாதி வழி வந்திருக்கும். மானேஜர் திடீரென்று, “கொத்தனாரே, அந்த மருந்துக் கிடங்கு அளவு எடுத்தீரா?” என்றார்.

“இல்லையே மொதலாளி. வாசல் மட்டுந்தான் எடுக்கச் சொன்னீக.”

“சரி, ஒரு குத்துமதிப்பா வச்சுக்கோரும்.”

பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா என் தொடையைக் கிள்ளினார். இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

உடனே கட்டிவிடவில்லை. மானேஜருக்கு இரண்டு சங்கடம். ஒன்று, கோட்டை ஆசை போகவில்லை. அதைக் கொத்தனார் தீர்த்துவைத்தார். சுவருக்கு மேலே பல் பல்லாகக் கோட்டை மதில், நான்கு மூலையிலும் சின்னச் சின்ன கும்மட்டம். லேபிளில் இருந்தது அச்சாக வந்துவிட்டது. இரண்டாவது சங்கடம், அப்பா பெயர். கல்வெட்டு தயாராக இருந்தது, அதை எங்கே பதிப்பது என்று ஒரு மாதம் தூக்கமில்லாமல் இருந்தார். தலைமையாசிரியர், ஐயா பெயரை அதில் பதித்தால் பாவம் என்றார். அக்கா வேறு மாதிரி சொன்னார்: “வாசல்ல பதிச்சா எவன் மொதலாளி நிமுந்து பாக்கப்போறான்? இங்கன பதிங்க. ஒவ்வொரு பிள்ளையும் உள்ள போகும்போது படிக்கும், வெளிய வரும்போது வாழ்த்தும்.” மானேஜர் யோசித்துப் பார்த்தார். வாழ்த்துவார்கள் என்பது அவருக்குப் பிடித்துவிட்டது.

அக்கா தன் பங்குக்கு ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தார். அடியில் ஆழமாகக் குழி வெட்ட வேண்டும், ஆள் வந்து அள்ளிப்போகிற மாதிரி கூடாது. “எங்க வெக்கத்த மறைக்க இன்னொருத்தி தலையில சொமக்க வேண்டாம்” என்றார். கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். கரிசல் மண், கோடையில் இரும்பாக இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் பெண்பிள்ளைகள் வகுப்பில் எழுந்து, ‘டீச்சர், கோட்டைக்குப் போயிட்டு வாரேன்’ என்று கேட்பதாகச் சொல்கிறார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை. இம்புட்டுப் பாடுபட்டும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று ரொம்ப நாள் சடைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே திறப்பு விழா. மாவிலைத் தோரணம், நாயனம், ரிப்பன். இன்ஸ்பெக்டர் வந்திருந்தார், அதே ஆள்தான். இந்தத் தடவை வடையைச் சீக்கிரமாகவே சாப்பிட்டு முடித்துவிட்டார். ஊரே கூடியிருந்தது, டீக்கடைக் கூட்டமும் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் தன் பேச்சில் ‘இக்கட்டடம்’ என்றார். தலைமையாசிரியர் ‘இந்த நல்ல காரியம்’ என்றார். மானேஜர் ‘எங்க அப்பாரு நினைவு மண்டபம்’ என்றார். அது என்ன கட்டடம் என்று யாருமே சொல்லவில்லை. வெளியூர்க்காரன் எவனாவது வந்திருந்தால் உள்ளே போய்த் தேங்காய் உடைத்திருப்பான்.

ரிப்பன் வெட்டினார்கள். கை தட்டினார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கதவு திறந்து கிடந்தது. பெண்பிள்ளைகள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் பொன்னுத்தாயின் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மகளைப் பக்கத்திலேயே பிடித்துவைத்திருந்தாள்.

“கட்டுனது சரி டீச்சர். இம்புட்டு ஆம்பளைக கண்ணு முன்னால எவ இதுக்குள்ள போவா? நாளைக்கும் இவுக இங்கனதான இருப்பாக” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். இன்றைக்கு ஒருத்தியும் போகவில்லையென்றால் நாளைக்கும் போகமாட்டார்கள், அதற்கு மறுநாளும் போகமாட்டார்கள். தலைமையாசிரியர் ஏற்கெனவே பூட்டு ஒன்று வாங்கிவைத்திருந்தார். உடைந்த பெஞ்சு போட்டுவைக்க இடமில்லை என்று என்னிடமே சொல்லியிருந்தார். இத்தனைக்கும் பிறகு பொன்னுத்தாய் லேபிள் ஒட்டத்தான் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா அக்கம்பக்கம் பார்க்கவில்லை. வராந்தாவுக்குப் போனார். பெண்பிள்ளைகள் பானையைத் திறந்து செம்பு நிறைய மொண்டார். எல்லோரும் பார்க்க, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார். இன்ஸ்பெக்டரைத் தாண்டி, மானேஜரைத் தாண்டி, மாலையும் கையுமாக நின்ற தலைமையாசிரியரைத் தாண்டிப் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாயனக்காரருக்கு என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. அவருக்கு அது புதுச் சடங்கு. மானேஜர் வீட்டம்மாதான், அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால், கதவுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நின்று, “ஊதுங்க” என்றார். நாயனக்காரர் பயந்துபோய் கெட்டிமேளமே வாசித்துவிட்டார்.

மேளம் நிற்கும்போது கதவு திறந்தது. அக்கா நிதானமாக வெளியே வந்தார்.

“தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கு கொத்தனாரே. எண்ணெய் விடும்” என்றார்.

அவ்வளவுதான். சிரிப்பதா வேண்டாமா என்று கூட்டம் முழித்தது. டீக்கடை ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சொல்லக்கூடாது என்று மறைத்துவைத்தால்தானே பார்க்க ஆசை வரும். பட்டப்பகலில், நாயனத்தோடு, ஊரறியப் போய் வந்துவிட்ட பிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது.

பொன்னுத்தாயின் அம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். மகளை முன்னால் தள்ளினாள். “போடி. போய்த் தண்ணியக் குடி மொதல்ல” என்றாள். பொன்னுத்தாய் குடித்தாள். குடித்துவிட்டுப் போனாள். அவள் அம்மா கோட்டைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றாள். அதற்குப் பின்னால் வரிசை நின்றது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் வராந்தாவுக்குப் போனேன். பெண்பிள்ளைகள் பானையில் ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. ஆயா எல்லோரையும் திட்டிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.